சொல்லும் சாய்தளமும்

என் அத்தைக்கு மூன்று வயதில் போலியோ. பள்ளியில் அவரை 'நொண்டி' என்று கூப்பிட்டவர்களின் பெயர்கள் அறுபது வயதிலும் அவருக்கு ஞாபகம் இருக்கின்றன. அதனால், "இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் தப்பா? வாயே திறக்க முடியவில்லை" என்று அலுத்துக்கொள்பவர்கள் பக்கம் நான் நிற்க மாட்டேன். கலைஞர் ஆட்சியில் 'மாற்றுத்திறனாளி' அரசுச் சொல்லானபோது அத்தை சந்தோஷப்பட்டார்.

ஆனால் போன வாரம் நடந்தது மனசை அறுக்கிறது. ஓர் அலுவலகத்தில் சாய்தளம் இல்லை, ஐந்து படி ஏற முடியாமல் திரும்பி வந்தேன் என்று அத்தை சமூக ஊடகத்தில் எழுதினார். பழைய பழக்கத்தில் 'ஊனமுற்ற நான்' என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான். அந்தச் சொல்லைத் திருத்தச் சொல்லி ஒரு கூட்டம், திருத்தச் சொன்னவர்களைத் திட்டி இன்னொரு கூட்டம். ராத்திரி வரை சண்டை. படியைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. தன்னைத் தான் எப்படிச் சொல்லிக்கொள்வது என்று அவருக்கே பாடம் எடுக்கிறார்கள்!

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? விதிகள் வெளியான ஐந்து ஆண்டுகளுக்குள், ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வசதி செய்ய வேண்டும். விதிகள் 2017இல் வந்துவிட்டன. கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. இதைக் கேட்டு யாராவது சண்டை போட்டிருந்தால் நானும் சேர்ந்திருப்பேன்.

நேற்று அத்தையை மறுபடி அழைத்துப் போனேன். அலுவலர் படி இறங்கி வந்து, அத்தையின் மூன்று சக்கர வண்டியின் சீட்டில் காகிதத்தை வைத்துக் கையெழுத்து வாங்கினார். நல்ல மனிதர். அத்தை மட்டும் அந்த ஐந்து படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.