மோடம் கேபிள் செய்முறைத் தேர்வு: அரியரில் தேறிய கதை

ஹார்டுவேர் டிப்ளமோவின் செய்முறைத் தேர்வில் எனக்கு விழுந்த கேள்வி இதுதான்: சர்வரின் 9 பின் சீரியல் போர்ட்டிலிருந்து, 25 பின் உள்ள வெளி மோடத்துக்கு (போன் லைன் வழியாகக் கம்ப்யூட்டரைப் பேசவைக்கும் பெட்டி) ஒரு கேபிள் செய்து இயக்கிக் காட்ட வேண்டும். கேபிளைச் செருகியதும் மோடத்தில், கம்ப்யூட்டர் தயார் என்று காட்டும் டிஆர் விளக்கு எரிந்தது. நிம்மதியாக, சீரியல் போர்ட்டோடு பேசும் மினிகாம் மென்பொருளைத் திறந்து, மோடத்தைக் கூப்பிடும் ஏடி கட்டளையை அடித்தேன். ஓகே வரவில்லை. அடித்த எழுத்துகூடத் திரையில் தெரியவில்லை. கம்ப்யூட்டர் அனுப்புவதைக் காட்டும் எஸ்டி விளக்கு ஒரு முறையும் துடிக்கவில்லை. மிச்ச நேரம் முழுக்க சால்டரிங்கையே மறுபடி மறுபடி சோதித்தேன். ஒன்பது கம்பியும் உறுதியாகத்தான் இருந்தன. அரியர் விழுந்தது.

தவறு, நான் மனப்பாடம் செய்திருந்த ஒரு வரியில் இருந்தது. "மோடத்துக்கு நேர் கேபிள், கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் குறுக்குக் கேபிள்." வரி சரிதான். அதை நம்பி 2-ஐ 2-க்கும், 3-ஐ 3-க்கும் கொடுத்துவிட்டேன். ஆனால் கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து பார்த்தால், 9 பின்னில் 2 என்பது பெறும் கம்பி, 3 அனுப்பும் கம்பி. 25 பின்னில் அது தலைகீழ்: 2 அனுப்புவது, 3 பெறுவது. நேர் கேபிள் என்றால் வேலைக்கு வேலை நேர், எண்ணுக்கு எண் நேர் அல்ல. கம்ப்யூட்டர் தயார் என்று சொல்லும் டிடிஆர் கம்பியை மட்டும் 4-லிருந்து 20-க்குச் சரியாகக் கொடுத்திருந்தேன். அதனால்தான் டிஆர் விளக்கு எரிந்து என்னை ஏமாற்றியது.

எங்கள் தெருவில், தண்டையார்பேட்டையில், ஓர் அண்ணன் இருக்கிறார். மணலி பக்கம் லாரி எடைமேடைகளில் எடை காட்டும் பெட்டியைக் கம்ப்யூட்டரோடு இணைப்பது அவர் வேலை. அங்கே இன்றைக்கும் இதே சீரியல் கேபிள்தான். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "இன்னா தம்பி, லைட்டு எரிஞ்சா போதுமா? பேசறது யாரு, கேக்கறது யாருன்னு மொதல்ல மீட்டர் வெச்சிப் பாருப்பா" என்றார். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை சர்வர் போர்ட்டின் கிரவுண்டான 5-ஆம் பின்னில் தொட்டு, சிவப்பை 3-இல் வைக்கச் சொன்னார். மைனஸ் 10-ஐ ஒட்டிக் காட்டியது. 2-இல் ஏறக்குறைய பூஜ்யம். பிறகு மோடத்தை ஆன் செய்து, அதன் கிரவுண்டான 7-ஆம் பின்னில் கறுப்பை வைத்துப் பார்த்தோம். அங்கே 3-இல் மைனஸ், 2-இல் பூஜ்யம்.

எனக்கு அந்த ஐந்து நிமிடத்தில் எல்லாம் புரிந்தது. சும்மா இருக்கும்போது அனுப்பும் முனை மைனஸில் நிற்கும். இந்த சீரியல் போர்ட்டின் விதிமுறையான ஆர்.எஸ்.232-இல் மைனஸ்தான் 1, பிளஸ்தான் 0. மைனஸ் காட்டும் முனை பேசுபவர், பூஜ்யம் காட்டும் முனை கேட்பவர். பேசுபவரைக் கேட்பவரோடு சேர்த்தால் போதும். எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

வைவாவிலும் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மோடத்தில் டிஎக்ஸ்டி என்று எழுதியிருக்கும் பின் வழியாக மோடம் எதையும் அனுப்பாது, பெற்றுக்கொள்ளும். ஏனென்றால் பெயர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து வைத்தவை. கம்ப்யூட்டர் அனுப்புவதைத்தான் டிஎக்ஸ்டி என்கிறார்கள். இதை மனதில் ஏற்றிக்கொண்டால் மற்ற பின்களும் தானாக விளங்கும். டிடிஆர், ஆர்டிஎஸ் (அனுப்ப அனுமதி கேட்பது) இரண்டும் கம்ப்யூட்டரிலிருந்து போகும். டிஎஸ்ஆர் (மோடம் தயார்), சிடிஎஸ் (அனுப்பலாம்), டிசிடி (மறுமுனையோடு இணைப்பு இருக்கிறது), ரிங் (போன் மணி) நான்கும் மோடத்திலிருந்து வரும்.

9-லிருந்து 25-க்கு முழு இணைப்பு இது: 1-8, 2-3, 3-2, 4-20, 5-7, 6-6, 7-4, 8-5, 9-22. தாளில் முதலில் இதை எழுதிவைத்துவிட்டே இரும்பைச் சூடு செய்யுங்கள். 2, 3, 5 மூன்று கம்பி போதும் என்று சிலர் சொல்வார்கள். ஃப்ளோ கன்ட்ரோலை (7, 8 வழியாக, அனுப்புவதை நிறுத்தித் தொடங்கும் ஏற்பாடு) நிறுத்திவிட்டு ஏடி அடித்தால் பெரும்பாலும் ஓகே வரும்தான். ஆனால் ஆர்டிஎஸ், சிடிஎஸ் ஆகிய 7, 8 இல்லாமல் பெரிய கோப்பு அனுப்பினால் நடுவில் எழுத்துகள் தொலையலாம். 4 இல்லையென்றால் சர்வர் டிடிஆரைக் கீழே இறக்கி அழைப்பைத் துண்டிக்க முடியாது. டிசிடியான 1 இல்லையென்றால் மறுமுனை போனை வைத்தது சர்வருக்குத் தெரியாது. உள்ளே நுழைந்தவர் போன பிறகும் அவர் கணக்கு திறந்தே கிடக்கும். சர்வர் விஷயத்தில் அது ஆபத்து. தேர்வாளர் இதைக் கேட்டால் தயங்காமல் விளக்குங்கள்.

சால்டரிங்கில் மூன்று விஷயம் சொல்கிறேன். கனெக்டரைப் பின்பக்கமாகப் பார்க்கும்போது எண் வரிசை இடவலமாக மாறும். நினைவை நம்பாமல், பிளாஸ்டிக்கில் பொடியாக அச்சிட்டிருக்கும் எண்ணை டார்ச் அடித்துப் படியுங்கள். அடுத்து, சுருங்கும் குழாயைக் கம்பியில் முன்பே கோத்துவிடுங்கள். பற்றவைத்த பிறகு அது உள்ளே போகாது. அப்புறம், வேலை செய்யும்போது கனெக்டரின் முன்பக்கத்தில், அதில் பொருந்தும் பழைய ஜோடிக் கனெக்டர் ஒன்றை மாட்டிவையுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் பின் நகராது. இதையும் அண்ணன்தான் காட்டினார். பழகுவதற்கு வேண்டிய கனெக்டர்களை நான் ரிச்சி தெருவில் வாங்கினேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கினால் நடந்துவிடலாம்.

முடித்ததும் மீட்டரை பீப் ஒலியில் வைத்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். பக்கத்துப் பின்னோடு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கேபிளை ஆட்டிக்கொண்டே பார்த்தால் அரைகுறை ஒட்டு பிடிபட்டுவிடும்.

சர்வர் பக்கமே சந்தேகமாக இருந்தால், கேபிளைக் கழற்றிவிட்டு போர்ட்டின் 2-ஐயும் 3-ஐயும் சின்னக் கம்பியால் சேர்த்து, ஃப்ளோ கன்ட்ரோலை நிறுத்திவிட்டுத் தட்டுங்கள். அடித்த எழுத்து திரும்பி வந்தால் போர்ட் நன்றாக இருக்கிறது. வேகம் 9600, 8 பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) இல்லை, 1 ஸ்டாப் பிட். ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டுகளைச் சேர்த்து ஓர் எழுத்துக்கு 10 பிட், ஆக நொடிக்கு 960 எழுத்து. இந்தக் கணக்கை இரண்டு முறையும் என்னிடம் கேட்டார்கள்.

அரியர் தேர்வன்று எனக்குக் கொடுத்த மலிவான கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. காசிமேட்டுக் கடல்காற்று படுகிற இடங்களில் இது சகஜம், எங்கள் வீட்டுப் பூட்டுக்கும் இதே கதிதான். தேர்வாளரிடம் அனுமதி கேட்டு, பின்களை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் தொடங்கினேன். இரண்டு பக்கமும் மீட்டர் வைத்து மைனஸ் எங்கே என்று குறித்துக்கொண்டேன். கேபிளை மாட்டி ஏடி அடித்தபோது எஸ்டி விளக்கு துடித்தது, உடனே, மோடத்தின் பதிலைக் காட்டும் ஆர்டி விளக்கும் துடித்தது. திரையில் ஓகே வந்தது.