ஃபில்டருக்கு அந்தப் பக்கம்

2025 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, இரவு டியூட்டி முடித்த கையோடு அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் ரெசிடென்சி அலுவலகத்தில், அதாவது படித்து முடித்த டாக்டர்களுக்குப் பயிற்சி தரும் பிரிவின் அலுவலகத்தில், காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்டர்னல் மெடிசின் மூன்றாம் வருடம், அதோடு சீஃப் ரெசிடென்ட் என்ற பட்டமும் சேர்ந்துவிட்டதால், புதிதாக வரும் விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. கோஆர்டினேட்டர் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். பதினைந்து இடம், மூவாயிரத்துச் சொச்சம் விண்ணப்பம். இத்தனையையும் யார் படிப்பது என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே நாலு கட்டங்களில் டிக் அடித்தார். பட்டம் வாங்கி ஐந்து வருடம் தாண்டியவர்கள், ஸ்டெப் என்ற அமெரிக்க உரிமத் தேர்வுகளில் ஏதாவது ஒன்றில் ஒருமுறையாவது தவறியவர்கள், ஸ்டெப் 2 எழுத்துத் தேர்வு மதிப்பெண் ஒரு அளவுக்குக் கீழே உள்ளவர்கள், ஹெச்-1பி விசாதான் வேண்டும் என்பவர்கள். எல்லாரும் போனார்கள். மிச்சம் அறுநூறு பேர். காபி ஆறக்கூட இல்லை.

அந்தக் காணாமல் போன கூட்டத்தில் நாலு வருடத்துக்கு முன்னால் நானும் இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ரெசிடென்சி செய்யாமல் டாக்டராக வேலை பார்ப்பது ஏறக்குறைய முடியாத காரியம். டென்னசி மாதிரி சில மாநிலங்கள் இப்போதுதான் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கின்றன. மற்றபடி நீங்கள் ஊரில் பத்து வருடம் வார்டு பார்த்திருந்தாலும் சரி, எம்.டி. முடித்திருந்தாலும் சரி, மறுபடியும் இன்டர்னாகத்தான் தொடங்க வேண்டும். அந்த இன்டர்ன் இடம் கிடைப்பதற்குத்தான் இத்தனை பாடு. இந்த நாட்டில் மருத்துவம் பார்ப்பவர்களில் சுமார் கால்வாசிப் பேர் வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் என்பதைக் கேட்டால் ஆட்களுக்கு வாசலில் தோரணம் கட்டி வைத்திருப்பார்கள் என்று தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை.

நான் ஹவுஸ் சர்ஜன்சி முடித்தது 2017இல். அப்புறம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டர். ராத்திரி டியூட்டியில் பாம்புக்கடி, பூச்சி மருந்து, நெஞ்சு வலி என்று ஓடிக்கொண்டே, இடைப்பட்ட நேரத்தில் கேஷுவாலிட்டி மேசையில் யூவர்ல்டு என்ற பயிற்சித் தளத்தின் கேள்விகளைப் போட்டுப் பார்ப்பேன். 2019 கடைசியில் ஸ்டெப் 1 எழுதினேன். ஏழு பிளாக், 280 கேள்வி, எட்டு மணி நேரம். தேர்வு கஷ்டம்தான், ஆனால் இந்தப் பயணத்திலேயே நியாயமான பகுதி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. படித்தால் மதிப்பெண் வரும். அதற்கப்புறம் வருவது எதற்கும் அந்த உத்தரவாதம் கிடையாது.

அடுத்தது ஸ்டெப் 2 சி.எஸ். நடிகர்களை நோயாளியாக உட்கார வைத்து நம்மைப் பேசவிட்டுப் பார்க்கும் தேர்வு. அமெரிக்காவில் ஐந்தே ஊர்களில்தான் நடக்கும், நேரில்தான் போயாக வேண்டும். 2020 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் எனக்குத் தேதி. பிப்ரவரியில் சென்னை கான்சுலேட்டில் பத்து வருட விசாவும் குத்தி வாங்கியாயிற்று. மார்ச்சில் கொரோனா, தேர்வு நின்றது. 2021 ஜனவரியில் அந்தத் தேர்வையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு ஆங்கிலத் தேர்வு ஒன்று, கூடவே 'பாத்வே' என்ற பெயரில் ஒரு புது வழி. மெடிக்கல் கவுன்சில் பதிவு இருந்ததால் எனக்கு அது சுலபமாகவே முடிந்தது. கையில் மிஞ்சியது எதற்கும் பயன்படாத அந்த விசா. அதுதான் பின்னால் என்னைக் காப்பாற்றப் போகிறது என்று அப்போது தெரியாது.

சுலபமாக முடியாத விஷயம் எம்.எஸ்.பி.இ. டீன் கைப்பட ஒரு மாணவரைப் பற்றி எழுதித் தரும் நீண்ட கடிதம். அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கென்றே ஆள் இருப்பார்கள். நான் படித்த கல்லூரி அலுவலகத்தில் இருந்த கிளார்க் சார் பேப்பரை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"என்னம்மா இது, கான்டக்ட் சர்டிபிகேட்தானே?"

"இல்ல சார், டீன் எழுதணும். அஞ்சாறு பக்கம் வரும்."

"டீன் அஞ்சாறு பக்கமா? அவருக்கு லீவ் லெட்டர்ல கையெழுத்துப் போடவே நேரம் இல்லைம்மா."

கடைசியில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். என்னைப் பற்றி நானே, 'இந்த மாணவி கடின உழைப்பாளி, சக மாணவர்களிடம் பணிவுடன் நடந்துகொள்பவர்' என்று கூச்சமில்லாமல் ஐந்து பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையெழுத்தும் முத்திரையும் கிடைக்க மூன்று வாரம். அதை இணையத்தில் ஏற்றுவதற்கான பாஸ்வேர்டு ஓய்வுபெற்றுப் போன ஒருவரிடம் இருந்தது என்பது வேறு கதை. அவர் வீட்டுக்கே ஸ்வீட் பாக்ஸோடு போய் வாங்கி வந்தேன்.

2021 செப்டம்பரில் விண்ணப்பம். இராஸ் என்ற தளத்தில்தான் போட வேண்டும். அப்போதைய கணக்குப்படி முதல் பத்து இடங்களுக்குச் சேர்த்து 99 டாலர், பதினொன்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 19, இருபத்தொன்றிலிருந்து 23, முப்பதுக்கு மேல் தலைக்கு 26. அதிக இடத்துக்குப் போட்டால் தள்ளுபடி கிடைக்கும் என்பது நம் ஊர்க் கடைத்தெருப் பழக்கம், இங்கே தலைகீழ். 150 இடத்துக்கு 3,639 டாலர் வந்தது, நம் பணத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பியின் கிரெடிட் கார்டில்தான் கட்டினோம். முதல் தடவை லிமிட் பத்தாமல் கார்டு மறுத்துவிட்டது, ராத்திரி பதினோரு மணிக்கு அவன் நண்பன் ஒருவனை எழுப்பி அவன் கார்டை வாங்கினான். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏன்டா, அத்தனை ஆஸ்பத்திரிக்குமா போடணும், நல்லதா ஒரு பத்துப் பாத்துப் போடக் கூடாதா?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை, எல்லாரும் நூற்றைம்பது போடுகிறார்கள் என்பதைத் தவிர. எல்லாரும் நூற்றைம்பது போடுவதால்தான் அங்கே ஃபில்டர் போடுகிறார்கள், ஃபில்டர் போடுவதால்தான் இங்கே எல்லாரும் நூற்றைம்பது போடுகிறோம்.

150க்கு ஒரே ஒரு இன்டர்வியூ வந்தது.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். அமெரிக்க மருத்துவமனையில் நான் ஒரு நாள்கூட நின்றதில்லை, அங்கே உள்ள டாக்டர் ஒருவர்கூட எனக்குப் பரிந்துரைக் கடிதம் தந்ததில்லை. போயிருக்கலாமே என்றால், 2021 மே 4 முதல் நவம்பர் 8 வரை இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அமெரிக்கா தடை போட்டிருந்தது. விசா கையில் இருக்கிறது, விமானம் ஏற முடியாது. இதை விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மேட்ச் என்ற சொல்லை வீட்டில் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நாம் ஒரு வரிசை கொடுப்போம், மருத்துவமனைகள் ஒரு வரிசை கொடுக்கும், கணினி இரண்டையும் வைத்துப் பொருத்தும். 1952இலிருந்து நடக்கிறது. இப்போதிருக்கும் கணக்கை வடிவமைத்த ஆல்வின் ராத்துக்கு 2012இல் பொருளாதார நோபல்கூடக் கிடைத்தது. அம்மா சுருக்கமாக, "ஜாதகப் பொருத்தம் மாதிரி" என்று அத்தைக்குச் சொல்லிவிட்டார். அருமையான கணக்குதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட இடங்களை வரிசையில் போட்டால்தான் பலன். பெண் பார்க்கவே யாரும் வராத வீட்டில் பொருத்தம் பார்த்து என்ன?

2022 மார்ச் 14, திங்கள்கிழமை. நம் ஊரில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். எந்த இடமும் கிடைக்கவில்லை என்று மின்னஞ்சல். தோசைக்கல் அடுப்பில் இருந்தது, அம்மா கேட்டதற்கு, "இல்லம்மா" என்றேன், அவர் தோசையைத் திருப்பிப் போட்டார். அவ்வளவுதான் நடந்தது. அந்த வாரமே சோப் என்று ஒன்று உண்டு, மிஞ்சிய இடங்களுக்கு 45 விண்ணப்பம் வரை போடலாம். மருத்துவமனைதான் நம்மை அழைக்க வேண்டும், நாமாகக் கூப்பிடக் கூடாது. நாலு நாள் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன். அழைத்தது கிரெடிட் கார்டு கம்பெனி மட்டும்.

அந்த வருடம் வெளிநாட்டுக் குடிமக்களான எங்களில் இடம் கிடைத்தவர்கள் 58.1 சதவீதம். அமெரிக்காவிலேயே எம்.டி. (அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) படித்து முடிக்கும் மாணவர்களுக்கு 92.9. உறவினர் ஒருவர், "பேசாம நீட் பி.ஜி. எழுதியிருக்கலாம்" என்றார். அவரும் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

இடங்கள் ஏன் இத்தனை குறைவு என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. ரெசிடென்டுகளின் பயிற்சிக்கு மத்திய அரசு தரும் பணத்தில் பெரும்பகுதி, முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரிலிருந்து வருகிறது. 1997இல் செலவைக் குறைக்கிறோம் என்று சட்டம் போட்டு, அதற்கு முந்தைய வருடம் எத்தனை பேர் இருந்தார்களோ அந்த எண்ணிக்கையோடு மருத்துவமனைகளுக்கு வரம்பு கட்டிவிட்டார்கள். 2020 கடைசியில் ஆயிரம் இடம் கூட்டினார்கள், அதுவும் சில வருடங்களுக்குப் பிரித்துப் பிரித்து. டாக்டர் போதவில்லை என்ற புலம்பல் மட்டும் எல்லா வருடமும் முழு வீச்சில் நடக்கிறது.

அந்தப் பழைய விசா கைகொடுத்தது 2022 கோடையில்தான். புதிதாக விசா கேட்பவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் காத்துக்கிடந்த நேரம் அது. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு நியூயார்க் போய் இறங்கினேன். குவீன்ஸில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட், மூன்று பெண்கள், மூவரும் டாக்டர்கள், ஒருத்தி லாகூர், ஒருத்தி யாங்கோன். அப்சர்வர்ஷிப் பிடித்துக் கொடுத்த ஏஜென்சிக்கு மாதம் இரண்டாயிரம் டாலர். வேலை என்னவென்றால், பார்த்துக்கொண்டு நிற்பது. தொடக் கூடாது. முதல் வாரமே ஒரு பாட்டிக்கு இருமல் வந்தபோது கை தானாக ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டது. அட்டெண்டிங், அதாவது மேற்பார்வை டாக்டர், மெதுவாக, "வேண்டாம்" என்றார். மறுநாள் முதல் ஸ்டெதஸ்கோப்பைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஊரில் ராத்திரி தனியாளாக டியூப் போட்ட கை.

அந்த அட்டெண்டிங் எகிப்துக்காரர், இருபது வருடத்துக்கு முன்னால் இதே வழியில் வந்தவர். இரண்டாவது மாதக் கடைசியில் எனக்குக் கடிதம் எழுதித் தந்தார். அதைவிட முக்கியமாக ஒரு காரியம் செய்தார், அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அக்டோபரில், தனக்குத் தெரிந்த இன்னொரு மருத்துவமனையின் ரெசிடென்சி அலுவலகத்துக்குப் போன் போட்டு என் விண்ணப்ப எண்ணைக் கொடுத்து, "இதை மட்டும் திறந்து பாருங்கள்" என்றிருக்கிறார். அந்த மருத்துவமனையில்தான் இப்போது இருக்கிறேன். அந்த முறை ஐந்து இன்டர்வியூ. 2023 மார்ச்சில் மேட்ச் ஆனேன். அம்மா போனில் அழுதார், தம்பி கார்டு பாக்கியைப் பற்றிக் கேட்டான்.

நல்லபடியாக முடிந்துவிட்டதே, இனி என்ன என்று இருந்துவிடலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமை கோஆர்டினேட்டர் டிக் அடித்ததைப் பார்த்ததிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் வருடம் பர்சனல் ஸ்டேட்மென்டுக்கு மூன்று வாரம் செலவழித்தேன், பதினோரு தடவை திருத்தினேன். நிராகரிப்பு வந்தபோது எந்த வரி பிடிக்கவில்லையோ, எங்கே அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்ததோ என்று மாதக்கணக்கில் அதையே படித்துப் படித்து என்னைத் தின்றுகொண்டேன். ஒருத்தரும் அதைத் திறந்திருக்க மாட்டார்கள். தோற்றதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், ஆட்டத்திலேயே சேர்க்கவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. இது ஆறுதலா, இன்னும் கோபப்பட வேண்டிய விஷயமா என்று எனக்கே தெளிவில்லை.

அந்த ஆள்களைக் குறை சொல்லவும் வாயில்லை. மூவாயிரத்தை நாலு பேர் உட்கார்ந்து படிக்க முடியாது. ஹெச்-1பி கட்டம் அந்த வருடம்தான் புதிதாக டிக் ஆனது, விண்ணப்பங்களைத் திறப்பதற்குச் சில நாள் முன்னால், 2025 செப்டம்பர் 19ஆம் தேதி, புது ஹெச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்ததால். எங்களைப் போன்ற நடுத்தர மருத்துவமனை ஒரு இன்டர்னுக்கு அதைக் கட்டாது. ஜே-1 என்ற பயிற்சி விசா மட்டும் நிம்மதியா என்றால், அதே வருடம் மே கடைசியில் விசா நேர்காணலுக்குப் புதிய தேதி தருவதையே சில வாரம் நிறுத்தினார்கள். எங்களுக்கு வர வேண்டிய ஒரு இன்டர்ன் ஜூலை 1க்கு வந்து சேரவில்லை, அவருடைய ராத்திரிகளை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். ஜே-1 முடிந்தால் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும், அதற்கும் ஒரு மாநிலத்துக்கு வருடம் முப்பதே இடம். அந்த வரிசையில்தான் இப்போது நான்.

புரோகிராம் டைரக்டரிடம் கேட்டு ஒரு அனுமதி வாங்கினேன். ஃபில்டரில் போனவர்களில் என் சொந்த நேரத்தில் திறந்து பார்த்து, ஐந்து பேரை மட்டும் பரிந்துரைக்கலாம். டியூட்டி இல்லாத ராத்திரிகளில் தினம் இருபது, முப்பது திறந்தேன். 2014இல் பட்டம் வாங்கிய ஒருவர், இடையில் எட்டு வருடம் கிராமத்து ஆஸ்பத்திரி. குழந்தை பிறந்த வருடம் ஸ்டெப் 1 தவறிய ஒரு பெண். ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தபோது, நானும் ஒரு ஃபில்டர்தான் ஆகியிருக்கிறேன் என்று உறைத்தது. திறக்காமல் விட்டது இரண்டாயிரத்துச் சொச்சம்.

2014காரருக்கு ஜனவரியில் வீடியோவில் இன்டர்வியூ. அவர் ஊரில் நள்ளிரவு தாண்டியிருந்தது. கோட்டும் டையும் போட்டு நேராக உட்கார்ந்திருந்தார், நெற்றி முழுக்க வியர்வை. என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், மைக்கில் சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்தியிருப்பார். நானும் ஐந்து இன்டர்வியூவும் அப்படித்தான் வெந்தேன். "டாக்டர், ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்குக் கேட்கும்" என்றேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு எழுந்தார். மேலே கோட்டு, கீழே கட்டம் போட்ட லுங்கி. சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் பக்கத்தில் இருந்த அட்டெண்டிங் தன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது கேள்விக்குப் போனேன்.