புது பிளேட் போட்டும் நியூட்ரல் விழாத கிளட்ச்

நேற்று சாயங்காலம் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பைக் நின்ற இடத்தில், கால் நுனியால் தட்டியதும் நியூட்ரல் விழுந்தது. நம்ப முடியாமல் பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன். இதற்காக கிளட்சை மூடியிருக்கும் வலது பக்கக் கவரை இரண்டு முறை கழற்றி மாட்டியிருக்கிறேன்.

பழைய கிளட்ச் பிளேட் செட் தேய்ந்துபோனதில் சந்தேகமே இல்லை. டாப் கியரில் முறுக்கினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. ஃப்ரிக்‌ஷன் பிளேட் ஐந்தும் 2.6 மி.மீ.க்குக் கீழே போய்விட்டன; புதியதில் 3.0 இருக்க வேண்டும். அவற்றுக்கு இடையிடையே வரும் ஸ்டீல் பிளேட் நான்கில் இரண்டு சூட்டில் நீலம் பாய்ந்து வளைந்திருந்தன. கண்ணாடி மேல் வைத்தால் 0.25 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக உள்ளே போனது. வண்டிக் கம்பெனியுடையது அல்லாத, ஆஃப்டர்மார்க்கெட் செட் வாங்கி, ராத்திரி முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊறவைத்து மாட்டினேன்.

வழுக்கல் அன்றைக்கே போய்விட்டது. ஆனால் லீவரை முழுசாகப் பிடித்திருந்தாலும் வண்டி மெல்ல முன்னால் இழுத்தது. முதல் கியர் 'டொக்' என்று விழுந்தது. நியூட்ரலோ கிடைக்கவே இல்லை. கேபிளை எப்படி அட்ஜஸ்ட் செய்தும் மாற்றமில்லை. முதலில் பிளேட் மேல்தான் கோபம் வந்தது. அளந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு தடிமன், 3.02 முதல் 3.14 வரை. ஒரே பெட்டிக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கவே கூடாது. ஆனாலும் வியாதி அதில் இல்லை.

பிளேட் அடுக்கைச் சுற்றி நிற்கும் கூடைதான் பாஸ்கெட். அதன் விரல்களில், பழைய பிளேட்டின் விளிம்பில் நீட்டியிருக்கும் காதுகள் இடித்து இடித்து ஏற்படுத்திய பள்ளங்கள்தான் காரணம். ஆழமானது 0.4 மி.மீ. இருக்கும். என் வண்டியில் லீவர் பிடித்தால், அடுக்கை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் விலகுவது சுமார் 1.8 மி.மீ. அதை ஐந்து பிளேட்டின் பத்து முகங்களுக்குப் பங்கு வைத்தால் ஒன்றுக்கு 0.18தான் வருகிறது. காது பள்ளத்தின் விளிம்பில் மாட்டிக்கொண்டால் அந்தச் சின்ன நகர்வுகூட நடக்காது. பழைய பிளேட்டுகள் தாங்கள் வெட்டிய பள்ளத்திலேயே பழகிக் கிடந்தன. புதிய காதுகளுக்கு அந்தத் தடம் பொருந்தவில்லை.

பாஸ்கெட்டை வண்டியிலேயே வைத்து அரம் போடலாம் என்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அலுமினியப் பொடி முழுக்க எஞ்சினுக்குள் போகும். ஹப் நட்டைக் கழற்றி, பின்னால் இருக்கும் வாஷர்களின் வரிசையைப் படம் எடுத்துக்கொண்டு, வெளியே எடுத்தேன். தட்டையான நைஸ் அரம், அதன் மேல் சாக்பீஸ். சாக்பீஸ் தேய்க்காவிட்டால் அலுமினியம் அரத்தின் பல்லில் அப்பிக்கொண்டு பாஸ்கெட் விரலைக் கீறிவிடும். எல்லா விரலுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். ஒரு விரல் மட்டும் அதிகமாகத் தேய்ந்தால் மொத்த இழுவையும் மற்ற விரல்கள் மேல் விழும். சரிபார்க்க, விரல்களில் மார்க்கர் மை பூசி, ஒரு பிளேட்டைப் போட்டு முறுக்கினேன். முதல் தடவை இரண்டு விரலில் மட்டும்தான் மை அழிந்தது. எல்லாவற்றிலும் அழியும்வரை மூன்று ராத்திரி ஆனது. பள்ளத்தை முழுக்க அழிக்கவில்லை. நகம் மாட்டாத அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். அப்புறம் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, டேம்பர் ஸ்பிரிங் இடுக்கெல்லாம் பிரஷ் விட்டுக் கழுவினேன்.

செட்டோடு வந்த ஸ்பிரிங்குகளை இந்தமுறை போடவில்லை. வேண்டாத இறுக்கம், கை வலிக்கிறது. பழையவற்றின் நீளம் எல்லைக்குள்தான் இருந்தது, அவற்றையே மாட்டினேன். எஞ்சினின் சக்தியைக் கூட்டாத சாதா வண்டிக்கு அந்த ஸ்பிரிங் எதற்கு என்றே புரியவில்லை. அடுத்த முறை பிளேட்டை மட்டும் தனியாக வாங்குவேன், அதையும் வெர்னியர் வைத்து அளந்த பிறகுதான் ஊறவைப்பேன். ஆயில், இந்த மாதிரி பைக் கிளட்சுக்கு ஏற்ற ஜாசோ எம்ஏ2 தரம். உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை ஊற்றினால் இத்தனை பாடும் வீண், ஆயிலில் ஊறும் கிளட்ச் மறுபடி வழுக்கும்.

வெயில் குறைந்ததும் செயினையும் ஸ்பிராக்கெட்டையும் மாற்ற நினைத்திருக்கிறேன், முன் ஸ்பிராக்கெட்டின் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதற்கு முன்னால் கிளட்ச் கேபிளை மாற்ற வேண்டும். இப்போது நியூட்ரலில் லேசாக 'கடகட' என்று ஒரு சத்தம் கேட்கிறது, லீவரைப் பிடித்தால் நின்றுவிடுகிறது. அரம் போட்டதில் காதுக்கும் விரலுக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது. 300 கி.மீ. ஓட்டிவிட்டு லீவரின் ஃப்ரீ பிளே (பிடிக்கும்போது முதலில் வரும் தளர்வு) பார்க்கும்போது சத்தம் ஏறியிருந்தால் புது பாஸ்கெட்தான்.