ஒரு எழுத்துக்கு ஒரு மணி வரை

போன வாரம் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரே ஒரு எழுத்துக்காக ராத்திரி ஒரு மணி வரை முழித்திருந்தேன். சிங்கப்பூரின் Serangoon வட்டாரத்தை 'சிராங்கூன்' என்று நான் எழுதியதை மதுரைக்காரர் ஒருவர் 'செராங்கூன்' ஆக்கினார், நான் திருப்பினேன், அவர் மறுபடியும், நான் மறுபடியும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தை மூன்று முறைக்கு மேல் இப்படி மீளமைத்தால் கணக்கைத் தடுத்துவிடுவார்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்ததா என்பதெல்லாம் பொதுவாக எடுபடாது. அந்த விதி நினைவுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டு, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்துக்குப் போனேன்.

முதலில் "நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன்" என்று தட்டினேன். அப்புறம் அழித்தேன், அதெல்லாம் சான்று ஆகுமா? எம்ஆர்டி ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் தமிழில் எப்படி இருக்கிறது, 1935இல் தொடங்கிய இங்குள்ள தமிழ் முரசு நாளிதழ் எப்படி எழுதுகிறது என்று இரண்டு வரி போட்டு, விக்கிப்பீடியா வழக்கப்படி நான்கு அலைக்குறி (~~~~) வைத்துக் கையொப்பமிட்டேன்.

காலையில் பதில். "சரி அண்ணே, ஆனா 'செராங்கூன்'னு தேடுறவங்க என்ன பண்ணுவாங்க?"

நியாயமான கேள்வி, எனக்குத் தோன்றவே இல்லை. தலைப்பு சிராங்கூன், மற்றது வழிமாற்று, அதைத் தேடினாலும் இதே பக்கத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

இப்போது இங்கத்து இடப்பெயர்களில் வரும் Bukit என்பது 'புக்கிட்'டா 'புக்கித்'தா என்று ஆரம்பித்திருக்கிறார்.