ஏற்காடு மலைப்பாதையும் தெர்மோஸ்டாட்டும்

சேலத்தில் நாம் படித்த காலத்தில், ஏற்காட்டுக்குப் போகும் வழியில் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஆவி அடங்கக் காத்திருக்கும் அம்பாசிடர் கார்களைக் காணாத கோடையே கிடையாது. அதன் காரணத்தை எனக்குத் தெளிவாக்கியவர் நம் ஆட்டோமொபைல் பட்டறை ஆசிரியர். மலருக்குப் பட்டறை நினைவுகளை எழுதும்படி நம் முன்னாள் மாணவர் சங்கத்தினர் கேட்டபோது, அவர் நடத்திய அந்த ஒரு பாடத்தையே எழுத விரும்பினேன்.

"ரேடியேட்டர் என்ஜினைக் குளிர வைக்க வந்ததில்லை தம்பி, அளவான சூட்டில் வைத்திருக்க வந்தது" என்றுதான் தொடங்குவார். எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் தண்ணீரின் வழியே வெளியேறுகிறது. வாட்டர் பம்ப் அந்தத் தண்ணீரை ஓட்டுகிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் அது வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. இவ்வளவும் எந்தப் பாடநூலிலும் உண்டு. என்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குள் விடாமல் இடையில் காவல் நிற்கும் தெர்மோஸ்டாட் என்னும் வால்வைத்தான் அவர் கண்ணெதிரே காட்டினார்.

மூடியிருக்கும் வால்வின் இடுக்கில் நூலைக் கவ்வவிட்டு, தெர்மோஸ்டாட்டைச் சட்டித் தண்ணீரில் அடி படாமல் தொங்கவிடுவார். பக்கத்தில் ஒரு வெப்பமானி, அடியில் ஸ்டவ். 70 டிகிரியைத் தாண்டியும் ஒன்றும் நடக்காது. 82ஐ ஒட்டி, உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளியதும், நூலின் பிடி விட்டு அது 'டக்'கென்று சட்டியின் அடியில் விழும். சேலத்து வெயிலுக்கு இது எதற்கு என்று கழற்றி எறியும் வழக்கம் அன்று பரவலாக இருந்தது. அதை அவர் கடுமையாக எதிர்த்தார். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் சூடேற நெடுநேரம் ஆகும். அதுவரை சரியாக ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிட, தேய்மானம் கூடும். அவர் சொன்னதே சரி என்பதைத் தொழிலில் இறங்கிய பின் நன்றாகவே உணர்ந்தேன்.

இனி மலைக்கு வருவோம். ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்திலிருந்து 1500 மீட்டருக்கு, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் வண்டி, சிறிய கியரில் முழு பாரத்தையும் இழுக்கிறது. வேகம் குறைவதால் ரேடியேட்டருக்குள் புகும் காற்றும் குறைகிறது. ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். போதாக்குறைக்கு, ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் அது 100ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஆகவே சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, தண்ணீர் அக்கணமே ஆவியாகச் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும். காய்ந்த என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட்டில் விரிசலும் விழலாம்.

போர்வெல்லின் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது இதையெல்லாம் விடக் கெடுதல் என்பது என் கருத்து. அந்த உப்பு குழாய்களின் உட்புறத்தில் படலமாகப் படிந்து, வெப்பம் வெளியேறும் வழியைச் சிறிது சிறிதாக அடைத்துவிடும். நான் இப்போது வாழும் கனடாவில், காய்ச்சி வடித்த நீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலன்ட் இல்லாமல் குளிர்காலத்தைக் கடக்க முடியாது. அக்கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. உறைபனியே காணாத சேலத்துக்கும் அதே கூலன்ட்தான் ஏற்றது: அது தண்ணீரை விட அதிகச் சூட்டில்தான் கொதிக்கும், துருவையும் தடுக்கும், உப்பும் படியாது.