லாய்ட் ஜார்ஜின் ஊருக்கு ஒரு ரயில்

பிரிட்டனின் முன்னாள் பிரதமர் டேவிட் லாய்ட் ஜார்ஜைத் தேடி லண்டனில் அலைவது வீண். நாடாளுமன்றச் சதுக்கத்தில் சிலையாக நிற்கிறார், அவ்வளவுதான். 1863-இல் அவர் பிறந்தது மான்செஸ்டரில். ஆனால் அவரை உருவாக்கிய ஊர் வட வேல்ஸில் இருக்கும் லானஸ்டிம்டுவி. (முதல் எழுத்து நம் 'ல' இல்லை. நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்து, குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் ஊத வேண்டும். பேருந்து ஓட்டுநருக்குப் புரிய இது முக்கியம்.)

இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பெரியில் புல்ஹெலி ரயில் பிடிக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான். பலரும் ஏமாறுவது மஹன்லெத் நிலையத்தில். அங்கே ரயில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி அபெரிஸ்ட்வித்துக்கும் மறுபாதி புல்ஹெலிக்கும் போகும். எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். தவறான பாதியில் உட்கார்ந்தால் அரை நாள் போச்சு. இடப்பக்க ஜன்னல்தான் கடல் பக்கம். பார்மத் மரப்பாலம், ஹார்லெக் கோட்டை எல்லாம் தாண்டி க்ரிக்கியத்தில் இறங்கி, மேற்கே சுமார் இரண்டரை கிலோமீட்டர் நடக்கலாம். நடக்க முடியாதவர்களுக்கு போர்ட்மடாக்–புல்ஹெலி பேருந்து உண்டு.

ஊரில் முதலில் பார்க்க வேண்டியது ஹைகேட் என்ற சிறு கல்வீடு. ஆசிரியரான அப்பா 1864-இல் இறந்துபோக, ஒன்றரை வயதுக் குழந்தையோடு வந்த அக்காவுக்கு இடம் கொடுத்தவர் செருப்புத் தைக்கும் தாய்மாமன் ரிச்சர்ட் லாய்ட். பட்டறை வீட்டை ஒட்டியே இருக்கிறது; அவசரப்படாமல் பாருங்கள். மருமகன் சட்டத் தேர்வு எழுதப் பிரெஞ்சு வேண்டும் என்றதும், மாமன் தானே அகராதியை வைத்துக் கற்றுக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். வீட்டில் பேச்சு வெல்ஷ் மொழியில்தான். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒரே பிரிட்டிஷ் பிரதமர் இவர்.

ரயில் வழியில் வந்த பென்ரின்டெய்ட்ரைத்துக்குப் பக்கத்தில்தான் லான்ஃப்ரோதென். அங்கே ஒரு கல்குவாரித் தொழிலாளியை மகளின் கல்லறைக்கு அருகில், ஆங்கிலிக்கன் அல்லாத தங்கள் சபை முறைப்படி புதைக்க ஆங்கிலிக்கன் பாதிரியார் மறுத்தார். 'இடுகாட்டுக் கதவை உடைத்துப் புதையுங்கள், சட்டம் உங்கள் பக்கம்' என்ற வகையில் யோசனை சொன்னவர் இந்த இளம் வக்கீல். 1888-இல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்; 1890 இடைத்தேர்தலில் 18 வாக்கு வித்தியாசத்தில் நாடாளுமன்றம் போனார். அந்தத் தொகுதியை 55 ஆண்டுகள் விடவில்லை.

ஹைகேட்டை ஒட்டியே அருங்காட்சியகம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், கோடையிலும் நேரம் பார்த்துக்கொண்டே கிளம்புங்கள். நகரங்கள் அளித்த கௌரவப் பேழைகள் கண்ணைப் பறிக்கும். எங்கள் கணக்கில் அவற்றைவிடப் பெரியது 1911-இன் காப்பீட்டுச் சட்டம்: தொழிலாளி வாரம் 4 பென்ஸ், முதலாளி 3, அரசு 2. '4 பென்ஸுக்கு 9 பென்ஸ்' என்று அவர் மேடைகளில் விற்றது இதைத்தான். 1916 முதல் 1922 வரை பிரதமர். முதல் உலகப் போரை நடத்தி முடித்த பெயரோடு, சர், பிரபு போன்ற பட்டங்களைக் காசுக்கு விற்ற பெயரும் சேர்ந்தது. 1936-இல் ஹிட்லரைச் சந்தித்து மெச்சிப் பேசியதற்குச் சமாதானமே கிடையாது.

கல்லறை ட்வைவோர் ஆற்றங்கரையில், சில நிமிட நடை. 1945 மார்ச் 26-இல் இதே ஊரின் டீ நெவித் வீட்டில் இறந்தார். பிரபுக்கள் அவை என்ற நாடாளுமன்ற மேலவையின் பல்லைப் பிடுங்கியவர், கடைசியில் பிரபுப் பட்டம் வாங்கினார். ஆனால் அந்த அவையில் ஒருநாளும் உட்காரவில்லை. கல்லறைமேல் ஒரு பெரிய பாறை மட்டும், அதில் பெயர் இல்லை. சுற்றுச்சுவரை வடிவமைத்தவர் போர்ட்மீரியன் என்ற கடலோரக் கிராமத்தைக் கட்டிய க்ளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ். அங்கே பொறித்திருப்பது 'எங்லின்', நம் வெண்பாவைப் போல நாலடிக்குள் ஓசைக்கட்டோடு எழுதுவது; எழுதியவர் லாய்ட் ஜார்ஜின் தம்பி மகன்.

மழைக்குப் பின் கரைப்பாதை வழுக்கும். திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தைக் க்ரிக்கியத்தில் இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.