பேரம் பேசுவதென்றால் த்ரீவீல்காரரிடம் பேசுங்கள்: கண்டி, மாத்தளை நெசவுப் பயணம்

ஊருக்கு வந்து இன்னும் பையைக்கூடப் பிரிக்கவில்லை. கோபமும் சந்தோஷமும் ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும். நார்ப்பாய், பத்திக் (மெழுகு போட்டுச் சாயமேற்றும் துணி), கைத்தையல் என்று கண்டி மாத்தளைப் பக்கம் சுற்றியதை வழி, செலவு, நேரம் எல்லாம் போட்டு ஒழுங்காக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த த்ரீவீல் ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்லாமல் மேலே ஒரு வரியும் நகராது.

கண்டி ரயில் நிலைய வாசலில் நானும் சித்தி மகனும் நின்றிருந்தோம். தம்பி சிங்களம் சரளமாகப் பேசுவான். எனக்குச் சந்தையில் சமாளிக்கிற அளவுதான். பாய் நெய்கிற ஊரான ஹேனாவலைக்குப் போக வேண்டும் என்றதும் த்ரீவீல்காரர் நல்ல தமிழில் ஆரம்பித்தார். "அங்க ஒண்ணுமே இல்ல அக்கா, எல்லாம் மூடிட்டாங்க. பாய் வேணும்னா நான் நல்ல கடைக்குக் கூட்டிட்டுப் போறேன், சும்மா பார்த்துட்டு வாங்க." வேண்டாம் என்று சொல்லியும் வண்டி அந்தக் கடை வாசலில்தான் போய் நின்றது. உள்ளே குளிரூட்டி, இஞ்சித் தேத்தண்ணி, ஆங்கிலத்தில் சிரிப்பு. "கையால் செய்த பத்திக்" என்று ஒரு சேலையை விரித்தார்கள். 8,500 ரூபாயாம். மடிப்பைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெளுத்துக் கிடந்தது. மெழுகு வெடித்துச் சாயம் கசிந்தது போன்ற கீறல்கள் ஒரு சாண் இடைவெளிக்கு ஒருமுறை அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தன. மெழுகு அப்படி ஒழுங்காக வெடிக்காது. மெழுகு போட்டுச் சாயத்தில் முக்கிய துணி என்றால் நிறம் இரண்டு பக்கமும் ஏறியிருக்கும், எந்தக் கீறலும் இன்னொன்றைப் போல இருக்காது. பத்திக் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்தால் அவர் "வெயிட்டிங்" சேர்த்து 2,000 கேட்கிறார். நாங்கள் கேட்காத கடைக்கு எங்களைக் கொண்டுபோனதற்கு நாங்கள் காசு கொடுக்க வேண்டுமாம்! கடைக்காரரிடம் கமிஷன் தனி. கால் மணி நேரம் நடுரோட்டில் நின்று சண்டை பிடித்து 1,000 ரூபாயில் முடித்தோம். அதுவே அநியாயம்தான்.

அப்புறம் குண்டசாலைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, கடைசித் துண்டுக்கு மட்டும் வேறொரு த்ரீவீல். அந்த மனுஷன் மீட்டர் போட்டார், மீதிச் சில்லறையையும் எண்ணிக் கொடுத்தார். அவர் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும்.

ஹேனாவல மூடிக்கிடக்கவெல்லாம் இல்லை. தும்பரப் பாய் நெய்கிற ஊர் இது. "தும்பர ரட்டா கலால" என்று சிங்களத்தில் சொல்கிற இந்த நெசவை 2021-ல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் போன வீட்டில் முற்றத்திலேயே வேலை தொடங்கிவிட்டிருந்தது. ஹண என்கிற தடித்த நீள இலையை மரக்கட்டையில் போட்டு, அந்த வீட்டு அம்மா மரச் சீவுகோலால் அழுத்தி இழுத்தார். பச்சைச் சதை வழிந்து போக, வெள்ளை நார் மட்டும் கையில் நின்றது. அந்தச் சதையின் சாறு பட்டால் அரிக்கும். தம்பி தொட்டுப் பார்த்துவிட்டு மாலைவரை சொறிந்துகொண்டே வந்தான். முன்பு நியந்த என்கிற செடியின் நாரைத்தான் எடுத்தார்களாம். அது காட்டில் அருகிப்போனதால் ஹணவுக்கு மாறிவிட்டார்கள்.

நாரை அலசி, வெயிலில் காயவைத்து, சீவி, பிறகு சாயம். சிவப்புக்குப் பதங்கிக் கட்டை. மஞ்சளுக்கு வெனிவெல், நாம் காய்ச்சலென்றால் கொத்தமல்லியோடு அவித்துக் குடிக்கிற அதே வெனிவெல். பானையைத் திறந்தபோது எனக்குச் சின்ன வயதுக் கஷாய வாசம்தான் வந்தது. தறி தரையோடு கிடக்கிறது. படத்தில் பார்க்கிற பெரிய கைத்தறி மாதிரி எதுவும் இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைக் குச்சியால் எண்ணித் தூக்கி, இடையில் நிற நாரைக் குறுக்கே ஊடையாகக் கொடுத்து, ஒரு பலகையால் அடித்து இறுக்குகிறார். யானை, மான், பாம்பு, பறவை எல்லாமே நேர்கோடும் முக்கோணமுமாகத்தான் வருகின்றன. வரைந்து வைத்த மாதிரி எதுவும் பக்கத்தில் இல்லை. எண்ணிக்கை முழுக்க அவர் தலைக்குள் இருக்கிறது. நான் கேள்வி கேட்டதில் ஒரு இழை தப்பி, நான்கு வரிசையைப் பிரித்தார். பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பாய்களை வருஷா வருஷம் கண்டி அரண்மனைக்குக் கொடுத்து வந்தவர்கள் இவர்களுடைய முன்னோர், கின்னர சமூகத்தார். அரசனுக்குப் பாய், ஆனால் சாதி அடுக்கில் கீழ்த்தட்டு. அந்த அரண்மனையில் கடைசியாக இருந்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்க வம்சத்தார். 1815-ல் பிரிட்டிஷ்காரர்கள் கடைசி மன்னனைப் பிடித்து, அடுத்த வருஷம் வேலூருக்கு அனுப்பினார்கள், அவன் 1832-ல் அங்கேயே செத்தான். அரசனும் போனான், அரண்மனை வாடிக்கையும் போனது. பாய் நெய்தவர்கள் மட்டும் இன்றைக்கும் ஹேனாவலையில் உட்கார்ந்து நெய்கிறார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி கண்டிப் பக்கக் கைவினைகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தபோதே இவை தேய்ந்துகொண்டிருந்தன. நம்முடைய பள்ளிக்கூடப் புத்தகங்களில் இதெல்லாம் ஏன் இரண்டு வரிகூட வராது என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

இப்போது பாயாக விரிப்பதற்கு யாரும் வாங்குவதில்லை. சுவரில் தொங்கவிட, குஷன் உறை, தோள்பை. அந்த அம்மாவின் மகள் நார்த்துண்டைப் பருத்தித் துணியில் பதித்து இடுப்புப் பட்டி செய்திருந்தாள். சேலைமேல் கட்டிப் பார்த்தேன், கழற்ற மனமே வரவில்லை. தோள்பை 4,500, பட்டி 2,500. என் கணக்கில் இருந்தது மொத்தமே 5,000. தம்பி பழக்கதோஷத்தில் "கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று சிங்களத்தில் ஆரம்பித்தான். நான் அவன் காலை மிதித்தேன். இலை வெட்டுவதிலிருந்து எண்ணிப் பாருங்கள், அந்தப் பட்டிக்கு எத்தனை பகல் போயிருக்கும்? வழிப்பறி செய்கிறவனிடம் 1,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு இவரிடம் 200 ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது வெட்கக்கேடு. பட்டியை வாங்கினேன், பையை ஏக்கத்தோடு வைத்துவிட்டு வந்தேன்.

கண்டியிலிருந்து மாத்தளைக்குத் தனியார் பஸ். ஐயோ, அந்த பஸ்! கட்டுகஸ்தோட்டைவரை நத்தை, ஆள் பிடிக்க ஒவ்வொரு மரத்தடியிலும் நிற்கும். பின்னால் இன்னொரு பஸ் தெரிந்துவிட்டால் அடுத்த நிமிஷம் ராக்கெட். அக்குரணை நெரிசலில் முக்கால் மணி நேரம். தலைக்கு நேர்மேலே ஸ்பீக்கர். முன்னால் இருந்த ஆச்சி வெற்றிலைப் பையைத் திறந்து பஞ்சைப் பிய்த்துக் காதில் வைத்துக்கொண்டு எனக்கும் கொஞ்சம் நீட்டினார். அனுபவசாலி.

மாத்தளையில் இறங்கியதும் முத்துமாரியம்மன் கோயில் பக்கம் ஒரு சின்னக் கடையில் தோசை சாப்பிட்டோம். ஓரம் முறுகலாக, நடு மெத்தென்று, கூடவே பச்சை மிளகாய் இடித்த தேங்காய்ச் சம்பல். உழுந்து வடையைப் பிய்த்தால் ஆவி பறந்தது. இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டு, பிளேன்டீயும் குடித்து, 1,000 ரூபாய்க்குள் முடிந்தது. கண்டியில் முந்தைய இரவு சாப்பிட்ட காய்ந்த கொத்து ரொட்டிக்குத் தனி ஆளுக்கே அதைவிட அதிகம் கொடுத்திருந்தேன்.

மாத்தளைக்கு வடக்கே, அதே ஏ9 வீதியில் ஆலுவிஹாரை. எல்லோரும் குகைக் கோயிலுக்குப் போவார்கள். நான் போனது ஈனா டி சில்வாவின் பட்டறைக்கு. இலங்கைப் பத்திக்கை நினைவுப்பொருள் கடையிலிருந்து கலையாக மேலே தூக்கியவர் என்றால் அவரைத்தான் சொல்வார்கள். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் கூரைக்கு அடியில் விரிந்த அந்தப் பெரிய பத்திக் அவருடையது. பிறகு குடும்ப ஊருக்கே திரும்பி வந்து ஊர்ப் பெண்களுக்கு வேலை கொடுத்தார். 2015-ல் காலமானார். இன்றும் பெண்கள் உட்கார்ந்து மெழுகைத் தூரிகையால் இழுக்கிறார்கள். முதலில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்துக்கு மெழுகு, பிறகு வெளிர் சாயம், பிறகு அந்த வெளிரை மறைத்து இன்னொரு மெழுகு, அடுத்த சாயம். இப்படியே கருமைவரை போய், கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை உருக்கி எடுக்கிறார்கள். பார்க்கப் பார்க்க ஆசை. விலையைப் பார்த்தால் ஹோட்டல் முதலாளிகளுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும்தான். நியாயமான விலைதான், மறுக்கவில்லை. என் சம்பளத்துக்கு ஒரு கைக்குட்டைதான் வந்தது.

சித்தி வீடு மாத்தளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். இந்தப் பயணத்தில் எனக்கு ஆகப் பிடித்தது அந்த லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல். அங்கே பெண்கள் சிலர் சேர்ந்து தையல் கூட்டம் நடத்துகிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது, ஒரு கொப்பியில் கணக்கு, இரண்டு தையல் மெஷின். கார்மெண்ட்ஸில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளைக் கிலோக் கணக்கில் வாங்கிப் பை, மெத்தை விரிப்பு, சட்டை செய்கிறார்கள். பகலெல்லாம் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக் கொழுந்து பறித்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு ஊசியை எடுக்கிறார்கள்.

ஒரு அக்கா இரண்டு பழைய சேலைகளை உள்ளும் புறமுமாக வைத்து, முழுக்க ஓட்டுத் தையல் போட்டு, கையில்லாத மேற்சட்டை தைத்திருந்தார். மேட்டிலிருந்து பார்த்தால் தேயிலை வரிசை எப்படி வளைந்து போகுமோ அப்படியே தையல் வளைந்து போகிறது. "டிசைன் எங்க பார்த்தீங்க அக்கா?" என்று கேட்டேன். "எங்க பார்க்கிறது? நாள் பூரா அதுக்குள்ளதானே நிக்கிறேன்" என்றார். கொழும்பில் ஒரு கடை இவர்களிடம் 3,000-க்கு எடுத்து 7,500 சீட்டு ஒட்டுகிறது. அந்தக் காசையும் விற்ற பிறகுதான் தருவார்கள், சில சமயம் மாசக்கணக்கில் இழுப்பார்கள். தோட்டத்துச் சம்பளம் ஒரு நாளைக்கு ஆயிரம் ஆனதே 2021-ல், அதுவும் எத்தனை வருஷப் போராட்டத்துக்குப் பிறகு. 2024-ல் 1,350. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அந்தச் சட்டையின் விலையை அதிகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சுவரில் நீளமாக ஒரு துணி தொங்கியது. மலையகம் 200, அதாவது தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவிலிருந்து வந்த இருநூறாவது ஆண்டு நினைவாக 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதைப் பார்த்துவிட்டுத் தைக்கத் தொடங்கியதாம். ஒரு முனையில் தோணி, நடுவில் கறுப்பு நூலில் காடு, வழியில் காலராவிலும் மலேரியாவிலும் விழுந்தவர்களுக்குச் சின்னச் சின்ன வெள்ளை முடிச்சுகள், மறு முனையில் மாரியம்மன் கோபுரம். என்ன விலை என்று கேட்டேன். "அது விக்கிறதுக்கு இல்ல" என்று சித்தி முந்திக்கொண்டார்.

வழி, செலவு எல்லாம் போடுவதாகச் சொன்னேன் அல்லவா, சரி. கண்டி, மாத்தளை இரண்டுக்கும் பஸ் போதும், கார் பிடித்துக் காசைக் கரைக்காதீர்கள். ஹேனாவலைக்குக் கையில் பணமாகக் கொண்டுபோங்கள், சில்லறையோடு. ஆலுவிஹாரைப் பட்டறைக்குப் போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. யாராவது "மூடிட்டாங்க" என்றால் நம்பாமல் பஸ்ஸில் ஏறுங்கள். தேயிலை வரிசைச் சட்டை இன்னும் இரண்டு தயாராகிறது. பச்சைக்கு நான் முன்பணம் கொடுத்துவிட்டேன். நீலம் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், சித்தியிடம் சொல்லி வைக்கிறேன். விலை 4,000, குறைக்க மாட்டோம்.